பிள்ளைகள் சிரிக்கிறார்கள், மறுநாள் கேட்டால் பாடம் நினைவில் இல்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: நாலாம்ஆண்டு_சார்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்துக் கொடுக்கிறேன். (எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) நான்காம் ஆண்டுக்கு நான் வகுப்பாசிரியர். கணிதமும் தமிழ்மொழியும் என் பாடங்கள். பதினான்கு பிள்ளைகள். பாதிப் பேருக்கு மேல் அப்பா அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்புகிறவர்கள், வீட்டோடு சேர்ந்து பிள்ளையும் எழுந்துவிடுகிறது. அதனால் பத்து மணிக்கு மேல் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் கண் சொருக ஆரம்பித்துவிடும்.

அதற்காகவே விளையாட்டு நிறைய வைக்கிறேன். பின்னம் தொடங்கியபோது வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தேன். நான் ஒரு பின்னத்தைச் சொன்னதும் ஆளுக்கொருவர் ஓடிப்போய் வெண்பலகையில் ஒட்டியிருக்கும் படங்களில் சரியானதைப் பிய்த்துக்கொண்டு வர வேண்டும். ஒரே ஆரவாரம். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் சன்னலில் வந்து தொங்கினார்கள். மறுநாள், "மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா?" என்று கேட்டேன். பெரும்பாலும் ஒரே பதில்: "நான்கில் ஒன்று சார். நாலுதானே பெருசு!"

இதற்கு நடுவில் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஓர் அம்மா, "சார், எப்பப் பார்த்தாலும் விளையாட்டுத்தானா? படிப்பு எப்போ?" என்று எழுதிவிட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

விளையாட்டைக் குறைத்து, பயிற்சியை அதிகமாக்குவதா? அல்லது விளையாட்டையே வேறு மாதிரி அமைக்க வேண்டுமா? வகுப்பில் படவீழ்த்தி (புரொஜெக்டர்) ஒன்று இருக்கிறது, இணையம் வரும் போகும். பிள்ளைகளிடம் கருவி கிடையாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: ஆற்றங்கரை_டீச்சர்

சார், கருவி இல்லாத வகுப்புக்குப் பிளிக்கர்ஸ் என்ற செயலியை முயன்று பாருங்கள். பிள்ளைக்கு ஓர் அட்டை போதும், கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்டது. அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடை. எந்த விடை என்று நினைக்கிறார்களோ அந்தப் பக்கத்தை மேலே வைத்துத் தூக்கிப் பிடிப்பார்கள். நீங்கள் உங்கள் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் கட்டமும் வேறு வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. பளபளப்பான பிளாஸ்டிக் போட்டு லேமினேட் செய்துவிடாதீர்கள், வெளிச்சம் பட்டால் கேமரா தடுமாறும்.

கஹூட் என்ற இணையப் புதிர்ப்போட்டியில் வேகமாக அழுத்துகிறவனுக்குப் புள்ளி அதிகம். யோசிக்கிற பிள்ளை பின்தங்கிப் போகும். வைத்தே ஆக வேண்டுமென்றால் கேள்விக்கான நேரத்தை நீட்டுங்கள், அல்லது புள்ளி இல்லாத கேள்வியாக அமையுங்கள். இரண்டுக்கும் அதில் வழி உண்டு.

இன்னொன்று. மறுநாள் கேட்டீர்கள் பாருங்கள், அது மிக நல்ல காரியம். அதைத் தினமும் செய்யுங்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் புத்தகமும் மதிப்பெண்ணும் இல்லாமல், "நேற்று என்ன செய்தோம்?" என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பாடத்தைத் தொடங்கப் பீடிகை தேடி அலைய வேண்டியதில்லை.

---

பதில் 2: பழைய_பள்ளிமணி

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா அம்மா இரண்டு பேரும் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டினார்கள். நான் தோட்டப் பள்ளியில் படித்து, தோட்டப் பள்ளிகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் கேட்டுப் பார்க்கிற ஆசிரியர் கிடைத்தால் அது பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம்தான்.

விளையாட்டைக் குறைக்க வேண்டாம். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: பிள்ளை எந்த இடத்தில் நின்று யோசிக்கிறது? அந்த இடத்தில் பாடம் இருக்க வேண்டும். உங்கள் ஓட்டப் போட்டியில் கால் வேகமாக உள்ள பிள்ளை ஜெயிக்கும். "நான்கில் ஒன்று" என்று நீங்கள் சொன்னதும் அது நான்கு கட்டம் போட்ட படத்தைத் தேடும், ஒரு கட்டத்தில் வர்ணம் இருந்தால் பிய்த்துக்கொண்டு வரும். அவ்வளவுதான் அதற்கு வேலை. மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் நேருக்கு நேர் நிற்கிற தருணமே அந்த ஆட்டத்தில் வரவில்லை. அப்புறம் எப்படித் தெரியும்? முதலாம் ஆண்டு தொடங்கி மூன்றை விட நான்கு பெரியது என்று பழக்கிய பிள்ளை, பின்னத்திலும் அதைத்தான் சொல்லும். அது சோம்பேறித்தனம் இல்லை. தனக்குத் தெரிந்த கணக்கை வைத்து அது நியாயமாகவே யோசித்திருக்கிறது.

நான் பின்னத்தைக் கயிற்றில் தொடங்குவேன். எங்கள் பள்ளிக்குப் பின்னால் நாலைந்து பழைய பால்மரங்கள் விட்டு வைத்திருந்தார்கள். உங்கள் பக்கம் எல்லாம் செம்பனையாகிவிட்டது (எண்ணெய்ப்பனை) என்றால் கூரைத் தூண் போதும். ஆனால் பால்மரம் கிடைத்தால் விடாதீர்கள், ஏனென்றால் பால்வெட்டே பின்னக் கணக்குத்தான். மரத்தைச் சுற்றி முழுவதும் வெட்ட மாட்டார்கள், பொதுவாகப் பாதிச் சுற்றுத்தான். மீதிப் பட்டை பின்னால் வரப்போகிற வருடங்களுக்கு. கன்று வளர்ந்து தண்டின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் அளவுக்கு வந்தால்தான் முதல் வெட்டுப் போடுவார்கள். அப்படியென்றால் வெட்டு வாயின் நீளத்துக்குக் கணக்கு என்ன?

பிள்ளைகளை மரத்துக்கு அழைத்துப் போய் சணல் கயிற்றால் சுற்றி அளந்து, அந்த நீளத்துக்குக் கத்தரித்துக் குழுவுக்கு ஒன்று கொடுப்பேன். கயிற்றை மடிப்பதற்கு முன்னால் கேட்பேன்: "இதை மூன்றாக மடித்தால் துண்டு நீளமாக வருமா, நான்காக மடித்தால் நீளமாக வருமா? கை தூக்குங்கள்." கை தூக்கிய எண்ணிக்கையைப் பலகையில் எழுதி வைப்பேன். இந்த வேலையைத் தவறவிடாதீர்கள். தான் ஒரு பக்கம் நின்றுவிட்ட பிறகு, அது சரியா என்று பார்க்காமல் எந்தப் பிள்ளைக்கும் இருக்க முடியாது. இனிப்பு எதுவும் கொடுக்காமலே வகுப்பு துடிப்பாகிவிடும்.

அப்புறம் மடிக்கச் சொல்வேன். பாதி சுலபம். நான்காக மடிப்பதும் சுலபம், பாதியின் பாதி. மூன்றாக மடிப்பதில்தான் சண்டை வரும். ஒரு துண்டு நீளும், ஒன்று குறையும், "டீச்சர், வரவே இல்லை" என்பார்கள். ஒன்றும் சொல்லித்தர மாட்டேன். ஒரு வருடம், எழுத்துப் பயிற்சி என்றாலே பென்சிலைக் கீழே வைத்துவிடும் ஒரு பையன், கயிற்றை முன்னும் பின்னுமாக வளைத்து மூன்று வரியாகத் தரையில் வைத்து, இரண்டு ஓரத்தையும் கட்டை விரலால் தள்ளித் தள்ளிச் சமப்படுத்தினான். அவன் குழு மட்டுமல்ல, எல்லாக் குழுவும் அவனைச் சுற்றி நின்றது. அளந்தார்கள்: மூன்றில் ஒன்று ஏறக்குறைய பதினாறே முக்கால், நான்கில் ஒன்று பன்னிரண்டரை. பலகையில் எழுதியிருந்த எண்ணிக்கையை யாரும் சொல்லாமலே திரும்பிப் பார்த்தார்கள். "கூறு கூடினால் துண்டு சின்னதாகுது டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னது. நான் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. அன்றைக்கு அது எனக்குத் தேவைப்படவில்லை.

செம்பனையிலும் கணக்கு நிறைய இருக்கிறது. ஆலைக்குப் போகிற குலையின் எடையில் சுமார் 20 விழுக்காடுதான் எண்ணெயாக வரும். நூறு கிலோ குலைக்கு இருபது கிலோ, ஐந்தில் ஒரு பங்கு. நான்காம் ஆண்டில் விழுக்காடு வரும்போது இதை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் உள்ள கேக்கும் பீட்சாவும் இருக்கட்டும், அதோடு அப்பா வெட்டுகிற குலையும் இருக்கட்டும். நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது. இதைச் சொல்லிவிட்டு, "எத்தனை வருடம் ஆகிறது?" என்று ஒரு கழித்தல் கொடுங்கள். "நம்ம ஊரா சார்?" என்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

தமிழ்மொழிக்கு ஒன்று. வலிமிகும் இடம் மிகா இடம் (இரண்டு சொல்லுக்கு நடுவில் க், ச், த், ப் வரும் இடம், வராத இடம்) என்றால் பிள்ளைகள் முகம் சுண்டிப் போகும். நான்கு பிள்ளைகளிடம் க், ச், த், ப் அட்டைகளைக் கொடுங்கள். மற்றவர்களிடம் சொல் அட்டைகள். இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். 'அந்த', 'பையன்' நின்றால் 'ப்' ஓடி வந்து நடுவில் நிற்க வேண்டும். 'வந்த', 'பையன்' நின்றால் 'ப்' நகரக் கூடாது. 'அந்த', 'வந்த' என்ற இரண்டு சொல்லும் காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், ஓட வேண்டுமா கூடாதா என்று ஒரு கணம் நின்றுதான் ஆக வேண்டும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் ஆட்டமே. 'இந்தக் கடை', 'சிறிய கடை' என்று மாற்றிக்கொண்டே போங்கள். 'ஏழு', 'பழம்' வந்தால் 'ப்' சும்மா நிற்கும், 'எட்டு', 'பழம்' வந்தால் நடுவில் வர வேண்டும். எண்களில் எட்டும் பத்தும் மட்டும்தான் அப்படி என்பதை நாலைந்து சுற்று ஆடினால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். கண்டுபிடிக்கிற சந்தோஷத்தைப் பிள்ளையிடமிருந்து நாம் பிடுங்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருக்க வேண்டாம். 'ப்' ஓடுவதற்கு முன்னால், ஓடும் என்றால் எழுந்து நிற்க வேண்டும், ஓடாது என்றால் கை கட்டி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் ஆட, பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒரு பாடவேளை முப்பது நிமிடம். புது ஆட்டம் என்றால் விதி சொல்லவே பத்து நிமிடம் போய்விடும். அதனால் வருடத்துக்கு மூன்று நான்கு ஆட்டம் போதும். ஆட்டம் அதேதான், உள்ளே வைக்கிற பாடம்தான் மாறும். எல்லோர் நேரமும் அலங்காரத்தில் போகிறது, இது எனக்கு எப்போதும் வருத்தம். இரவு முழுக்க வர்ணத்தாள் வெட்டுகிற இளம் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு நல்ல கேள்வி யோசித்தால் போதும் என்று சொல்லத் தோன்றும்.

இனிப்பும் பரிசும் வேண்டாம் என்பது என் முடிவு. முதல் வாரம் இனிப்புக்காக ஆடுவார்கள், அடுத்த வாரம் இனிப்பு இல்லையென்றால் ஆட மாட்டார்கள். உங்கள் கைக்காசும் போகும்.

சத்தம் வரும். வரட்டும். தலைமையாசிரியரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். சத்தத்தில் காது கொடுத்துப் பாருங்கள்: "நீ தோத்துட்ட" என்கிற சத்தமா, "இல்ல, இதுதான் பெருசு, வச்சுப் பாரு" என்கிற சத்தமா? இரண்டாவது சத்தம் கேட்டால் நிறுத்தாதீர்கள், மணி அடித்தாலும் பரவாயில்லை.

---

பதில் 3: பழலோரி

வணக்கம் சார். நான் வாத்தியார் இல்லை, ஆலைக்குக் குலை ஏற்றிப் போகிற லோரி ஓட்டுகிறேன். மகள் நான்காம் ஆண்டு, வேறு பள்ளி. பெற்றோர் பக்கத்திலிருந்து சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

ஆறாம் ஆண்டு முடிவில் வைத்த யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் பிள்ளைக்கு எத்தனை ஏ வரும் என்று ஒரு கணக்கு எங்களுக்கு இருந்தது. இப்போது வகுப்பறை மதிப்பீடு, அடைவுநிலை ஒன்றிலிருந்து ஆறு வரை. அடைவுநிலை நான்கு என்றால் நல்லதா கெட்டதா என்று என் மாதிரி ஆளுக்குச் சட்டென்று புரியாது. அதனால் நாங்கள் பார்க்கிறது நோட்டுப் புத்தகத்தைத்தான். வேலை முடிந்து வந்து புத்தகப்பையைத் திறந்தால் நோட்டில் ஒன்றும் இல்லை, கேட்டால் "இன்னிக்கு விளையாடினோம்பா" என்கிறாள். பயம் வரத்தான் செய்யும் சார். அந்த அம்மா உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார், நோட்டைப் பார்த்திருப்பார். ஆடி முடித்த பிறகு நாலு வரி எழுத வையுங்கள். "இன்றைக்கு இதைக் கண்டுபிடித்தோம்" என்று பிள்ளை கையால் எழுதியிருந்தால் எங்களுக்குப் போதும்.

அந்த டீச்சர் சொன்ன செம்பனைக் கணக்கு ரொம்பப் பிடித்தது. ஆலைத் தராசில் குலையோடு லோரியை நிறுத்துவார்கள், இறக்கிவிட்டுக் காலி லோரியை மறுபடி நிறுத்துவார்கள், கழித்தால் குலை எடை. சீட்டில் மூன்று எண்ணும் இருக்கும், எல்லாம் கிலோவில். ஒருநாள் என் மகளிடம் சீட்டைக் கொடுத்து, கடைசி எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "இது எவ்வளவு, சொல்லு" என்றேன். தப்பாகச் சொன்னாள், விட மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் போட்டாள். சாப்பிடக்கூட வரவில்லை. பழைய சீட்டு என் லோரியில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. தோட்டத்துப் பெயரை மையால் அடித்துவிட்டுத் தருகிறேன், வேண்டுமென்றால் சொல்லுங்கள். லோரி ஏறுகிற எடை டன் கணக்கில் இருக்கும், பிள்ளைகளுக்கு நான்கு இலக்கம் ஐந்து இலக்கக் கழித்தலுக்குச் சரியாக இருக்கும்.

---

நாலாம்ஆண்டு_சார்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணே, சீட்டு கண்டிப்பாக வேண்டும், தனிச்செய்தி அனுப்புகிறேன். நோட்டுப் புத்தக விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கே அந்த அம்மாவிடம் பேசுகிறேன்.

டீச்சர், ஒரு சந்தேகம். என் வகுப்பில் ஒரு பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். குறைநீக்கல் வகுப்புக்கும் போய் வருகிறாள். எந்த ஆட்டம் வைத்தாலும் குழுவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். மற்றவர்களே செய்து முடித்துவிடுகிறார்கள். சொல் அட்டை ஆட்டத்தில் அவளை என்ன செய்வது? முன்னால் கூப்பிட்டால் அழுதுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

---

பழைய_பள்ளிமணி

முன்னால் கூப்பிட வேண்டாம் தம்பி. அவளிடம் 'ப்' அட்டையைக் கொடுங்கள். வாசிக்க வேண்டியது ஓர் எழுத்துத்தான், ஆனால் ஆட்டம் முழுக்க அவள் காதில் இருக்கும். சொல் அட்டை வைத்திருப்பவர்கள் தங்கள் சொல்லை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக விதி வைத்துவிடுங்கள். அவளுக்காக வைத்த விதி என்று யாருக்கும் தெரியாது. 'அந்தப் பையன்' என்று வாயால் சொல்லிப் பார்த்தால் ஒற்று தானாக வரும். வாசிப்பு தடங்குகிற பிள்ளைக்குக் காது பல நேரம் கூர்மையாக இருக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்துக்கு முதல் நாள், ஓய்வு வேளையில், பசியாறி முடித்ததும் அவளைக் கூப்பிட்டு அட்டைகளை அடுக்கித் தரச் சொல்லுங்கள். அடுக்குகிற சாக்கில் ஐந்தாறு சொல்லைக் கூட்டி வாசித்துவிடுவாள். மறுநாள் அந்தச் சொற்கள் வரும்போது அவளுக்கு அவை புதியவை இல்லை. ஓடி வந்து நின்றால் பெரிதாகப் பாராட்டாதீர்கள், எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே "சரி, அடுத்தது" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவளும் மற்றவர்களில் ஒருத்தி என்பது அவளுக்குத் தெரிந்தால் போதும்.

குழுவுக்குள் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: ஒருவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும், ஒருவர் மடிக்க வேண்டும், ஒருவர் அளக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். சுற்றுக்குச் சுற்று வேலை மாறட்டும். எழுதுகிற வேலை அவளிடம் வரும்போது எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

குறைநீக்கல் ஆசிரியரிடம் அந்த வாரத்துச் சொற்களைக் கொடுத்து வையுங்கள். இரண்டு வகுப்பிலும் ஒரே சொல் வந்தால் வேகமாக ஏறும்.

கயிறு வாங்கும்போது நைலான் வாங்காதீர்கள், மடித்த இடத்தில் நிற்காது. சணல் கயிறு இரண்டு வெள்ளிக் கடையிலேயே கிடைக்கும்.